செவ்வாய்ப் பாறையும் தபய்யுனும்

 

செவ்வாய் கிரகத்தில் ஒரு வாசல் இருக்கிறது என்று ஒரு படம் உங்கள் வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கும். 2022 மே மாதம் கியூரியாசிட்டி ரோவர் எடுத்த படம். பாறையைச் செதுக்கிக் கதவு வைத்தது போலவே இருக்கும். படம் பொய்யல்ல. ஆனால் அந்த வாசலின் உயரம் சுமார் 30 சென்டிமீட்டர்தான். நம் முழங்கால் அளவுகூட வராது! பாறையில் விரிசல்கள் ஒன்றையொன்று சந்தித்த இடம் அது. பக்கத்தில் ஒரு மனிதனோ மரமோ இல்லாத படத்தில் நம் கண்ணுக்கு அளவு பிடிபடுவதில்லை.

கண் பார்த்தது உண்மை, மனம் சொன்ன அர்த்தம் தவறு. ஹுஜுராத் சூராவின் 6வது வசனம் இந்த இடத்தில்தான் நம்மைப் பிடித்து நிறுத்துகிறது. ஒரு செய்தி வந்தால் தபய்யுன் செய்யுங்கள், தீர விசாரியுங்கள் என்கிறான் அல்லாஹ். இதன் பின்னணியாக முஃபஸ்ஸிர்கள் சொல்வது என்ன? பனூ முஸ்தலிக் கூட்டத்தாரிடம் ஜகாத் வசூலிக்க ஒருவர் அனுப்பப்பட்டார். அவரை வரவேற்க அவர்கள் திரண்டு வந்தார்கள். அவரோ தாக்க வருகிறார்கள் என்று பயந்து, பாதி வழியில் திரும்பிவிட்டார். ஜகாத் தர மறுக்கிறார்கள் என்றும் சொல்லிவிட்டார். கூட்டம் வந்தது நிஜம். ஆனால் அவர் கொடுத்த விளக்கத்தால் ஒரு போரே மூண்டிருக்கும்!

விசாரிப்பது எப்படி என்பதற்கு ஓர் உதாரணம். 2014 ஜனவரியில் ஆப்பர்ச்சூனிட்டி ரோவரின் முன்னால் திடீரென்று ஒரு கல். 12 செவ்வாய் நாட்களுக்கு முன் எடுத்த படத்தில் அந்த இடம் காலி. சுற்றிலும் வெள்ளை, நடுவில் சிவப்பு, ஜாம் வைத்த டோனட் மாதிரி. உலகமே கதை கட்டியது. விஞ்ஞானிகள் என்ன செய்தார்கள்? கல்லில் என்ன இருக்கிறது என்று கருவியால் பார்த்தார்கள். மாங்கனீசும் கந்தகமும் அதிகம் இருந்தன. பிறகு ரோவரைக் கொஞ்சம் நகர்த்திப் பார்த்தார்கள். ரோவரின் சக்கரம் ஏறி உடைத்த பாறை அங்கே கிடந்தது. அதன் துண்டுதான் உருண்டு வந்திருக்கிறது.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். சந்திரன் பிளந்ததற்கு நாசாவே ஆதாரம் தந்துவிட்டது என்று ஒரு படத்தை எத்தனை பேர் பரப்பினோம்? 1969இல் அப்போலோ 10 எடுத்த படம் அது. அதில் தெரிவது 300 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு பள்ளம். நிலவு முழுவதையும் சுற்றி ஓடும் பிளவு அல்ல. சந்திரன் பிளந்த முஃஜிஸாவை நாம் ஈமான் கொண்டிருப்பது வஹியைக் கொண்டு, சஹாபாக்களின் அறிவிப்பைக் கொண்டு. அதற்கு இந்தப் படம் தேவையே இல்லை. நல்ல நோக்கத்தில்தானே அனுப்பினோம் என்பீர்கள். நாளை உங்கள் மகன் கல்லூரியில் அந்தப் பள்ளத்தின் பெயரைப் படிப்பான். வாப்பா சொன்னது பொய்யென்றால் மற்றதெல்லாம் எப்படி என்று அவன் கேட்டால் என்ன பதில் வைத்திருக்கிறீர்கள்?

2024 ஜூலையில் பெர்சிவரன்ஸ் ரோவர் சிறுத்தைப் புள்ளிகள் போன்ற அடையாளமுள்ள ஒரு பாறையைக் கண்டது. பழங்கால நுண்ணுயிர்களின் தடயமாக இருக்கலாம் என்று 2025இல் ஆய்வுக் கட்டுரை வந்தது. இருக்கலாம், அவ்வளவுதான். உயிரில்லாமலும் அப்படிப் புள்ளிகள் உண்டாகலாம் என்று அவர்களே எழுதுகிறார்கள். வானங்களிலும் பூமியிலும் உயிரினங்களைப் பரப்பியிருப்பதை அல்லாஹ் ஷூரா சூராவில் சொல்கிறான். ஆகவே நாளை என்ன கண்டுபிடித்தாலும் நாம் பதற வேண்டியதில்லை. அது செவ்வாயைத்தான் குறிக்கிறது என்று இன்றே அடித்துச் சொல்லவும் வேண்டாம்.

சுன்னத் தொழாதவர்கள் தொழுதுகொள்ளுங்கள்.