மஞ்சளும் ஊதாவும் உரசும் கோடு

நகரத் திட்ட வரைபடத்தில் குடியிருப்புக்கு மஞ்சள், தொழிற்சாலைக்கு ஊதா. மைசூரு–நஞ்சன்கூடு பகுதிக்கு 2031 வரை வகுத்த பெருந்திட்டத்தின் வரைபடத்தை விரித்தால், நகரத்தின் வடமேற்கே மேட்டகள்ளி, ஹெப்பாள், ஹூட்டகள்ளி, கூர்கள்ளி என்று ஊதா திட்டுத் திட்டாகத் தெரியும். ஒவ்வொரு திட்டையும் சுற்றி மஞ்சள் நெருங்கி நிற்கும். காகிதத்தில் அந்த எல்லை ஒரு பேனாக்கோடு. தரையில் அது பல சமயம் ஒரு லாரி போகும் சாலை. மைசூருவின் நிலப் பயன்பாட்டுச் சிக்கல் பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான் பிறக்கிறது.

மைசூரு இதை அறியாத ஊர் அல்ல. பிளேக் நோய் ஊரை உலுக்கிய பிறகு, 1903இலேயே நகர மேம்பாட்டுக்கென ஒரு வாரியம் அமைத்த ஊர். அகலமான தெரு, வெளிச்சம், காற்று: மக்கள் உயிர் பிழைக்கவே நகரத்தை விரித்தார்கள். 1912இல் தொடங்கிய அரசுப் பட்டு நெசவாலை இருக்கும் மானந்தவாடி சாலை இன்று நகரத்தின் நடுவில் இருக்கிறது. அதே திசையில் விஸ்வேஸ்வரநகருக்கு ‘இண்டஸ்ட்ரியல் சபர்ப்’ என்ற பெயர் இன்னும் நிலைத்திருக்கிறது; பட்டறைகளுக்கு நடுவே வீடுகளும் கடைகளும் பெருகிவிட்டன. சென்னைக்காரர்களுக்கு 1958இல் தொடங்கிய கிண்டி தொழிற்பேட்டை நினைவுக்கு வரும். விளிம்பில் வைத்த ஆலையை நகரம் ஒரு தலைமுறைக்குள் எட்டிப் பிடித்துவிடுகிறது.

எட்டிப் பிடிக்கும் என்று தெரிந்தும் ஏன் முன்கூட்டியே திட்டமிடவில்லை? நிர்வாக அமைப்பில் ஒரு விடை இருக்கிறது. தொழிற்பேட்டைக்கு நிலம் எடுப்பது 1966ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான கர்நாடகத் தொழிற்பகுதி மேம்பாட்டு வாரியம். வீட்டு மனை, மைசூரு வழக்கில் ‘சைட்’, பிரித்துத் தருவது 1988 முதல் முடா என்று அறியப்பட்ட நகர்ப்புற வளர்ச்சி ஆணையம். ஹூட்டகள்ளியில் குடியிருப்பை எழுப்பியது மூன்றாவதாக ஒரு அமைப்பு, மாநில வீட்டுவசதி வாரியம். ஆளுக்கொரு சட்டம், ஆளுக்கொரு இலக்கு. தன் எல்லைக்குள் ஒவ்வொன்றும் ஒழுங்காகவே வேலை செய்திருக்கலாம். இரண்டு எல்லைகள் சந்திக்கும் இடத்தைத் தன் வேலையாக எடுத்துக்கொண்டவர் எவருமில்லை.

இந்த அமைப்புகளுக்கு முன்பே அங்கே இருந்தவை கிராமங்கள். வயல் போனபின் எஞ்சிய ஊர்நத்தத்தில் மக்கள் செய்தது என்ன? இருந்த வீட்டின் மேல் மாடி கட்டி, அறை அறையாகத் தடுத்து, ஆலைத் தொழிலாளிகளுக்கு வாடகைக்கு விட்டார்கள். பல ஆயிரம் பேருக்கு வேலை தரும் பேட்டையை வகுத்தவர்கள், அவர்கள் எங்கே உறங்குவார்கள் என்று போதிய அளவு யோசிக்கவில்லை. அந்தப் பொறுப்பைக் கிராமங்களே சுமந்தன. இதை வெறும் ‘ஒழுங்கற்ற வளர்ச்சி’ என்று கோப்பில் எழுதிவிடுவது அநியாயம்.

இனி அந்தக் கோட்டில் வாழ்வது எப்படி என்பதற்கு வருவோம். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவில் தொழிற்பகுதிக்கு 70 டெசிபல் வரை அனுமதி; குடியிருப்புக்கு 45. வெறும் 25தானே என்று தோன்றும். டெசிபல் மடக்கை அளவு என்பதால், ஒலியின் ஆற்றலில் அது 300 மடங்குக்கும் மேற்பட்ட வேறுபாடு. நடுவில் முப்பதடிச் சாலை மட்டும் இருந்தால் அவ்வளவும் எப்படித் தணியும்? ஆலை தன் வரம்பை மீறவில்லை, வீடு கட்டியவரும் மீறவில்லை. ஆனாலும் எதிர் வீட்டுக் குழந்தை தூங்க முடியாது.

காற்றுக்கும் நீருக்கும் நிறம் தெரியாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்று மேற்கிலிருந்து வீசும். அப்போது வடமேற்கு விளிம்பின் புகையும் வாடையும் நகரத்தை நோக்கி வரும். ஹெப்பாள் ஏரியில் ஆலைக் கழிவும் வீட்டுச் சாக்கடையும் ஒன்றாகவே கலந்தன. எல்லாவற்றிலும் கொடியது 2017 ஏப்ரலில் நகர விளிம்பின் ஷாதனஹள்ளியில் நடந்தது. கழிவு கொட்டப்பட்ட வெற்று நிலம் அடியில் கனன்றுகொண்டிருந்தது தெரியாமல் கால் வைத்த சிறுவன் தீக்காயத்தில் இறந்தான். எவரும் பார்த்துக்கொள்ளாத இடைநிலம் எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அப்படியானால் ஆலைகளை எல்லாம் அப்புறப்படுத்துவதா? அதற்கும் நான் உடன்பட மாட்டேன். யாதவகிரியில் ஜாவா மோட்டார் சைக்கிள் செய்த ஆலை 1996இல் மூடப்பட்டபோது போனது ஒரு வாகனத்தின் பெயர் மட்டுமல்ல, ஐ.டி.ஐ. படித்த பிள்ளைக்கு ஊருக்குள்ளேயே கிடைத்த மாதச் சம்பளமும்தான். நகரத்துக்குள் இருக்கும் ஆலை நிலம் மனையாக மாறினால் விலை பல மடங்கு. ஒருமுறை மாறிய நிலம் தொழிலுக்குத் திரும்பி வருவது அரிது.

ஆபத்து இன்னொரு வழியிலும் வரும். கர்நாடக நகர, ஊரமைப்புச் சட்டத்தின் 14-ஏ பிரிவு, பெருந்திட்டத்தில் குறித்த நிலப் பயன்பாட்டை மாற்ற இடம் தருகிறது. அதற்கு முன் பொது அறிவிப்பு தர வேண்டும். ஆனால் விண்ணப்பம் சர்வே எண் வாரியாக வருகிறது. இரண்டு ஏக்கரைத் தனியே பார்த்தால் ஒவ்வொரு மாற்றமும் நியாயமாகவே தோன்றும். பத்தாண்டு கழித்துப் பார்த்தால் இடைவெளிக்கு என்று விட்ட நிலம் முழுவதும் வீடாகியிருக்கும்.

என் கருத்தில் மாற வேண்டியது அந்தக் கோடு. அது ஒரு பட்டையாக வேண்டும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2016இல் தொழில்களைச் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, வெள்ளை என்று மாசு மதிப்பெண்ணால் வகைப்படுத்தியது. சிவப்பை நடுவில் வைத்து, வெள்ளையையும் பச்சையையும் கிடங்குகளையும் ஓரத்துக்குக் கொண்டுவந்து, அதற்கப்பால் மர வரிசையும் மழைநீர்க் கால்வாயும் விட்ட பிறகே மஞ்சள் தொடங்க வேண்டும். தொழிலாளர் வாடகைக் குடியிருப்புக்கும் பேட்டைக்கு நிலம் எடுக்கும் நாளிலேயே, பட்டையின் மஞ்சள் பக்கத்தில், நடை தூரத்தில் இடம் ஒதுக்க வேண்டும். இதற்கு நிலம் வீணாகும் என்பார்கள். பட்டையில் கிடங்கும் சிறுதொழிலும் நடக்கும்போது வீணாவது எது?

2031க்கு அதிக நாளில்லை. அடுத்த பெருந்திட்டம் வரைவாக வெளிவந்து ஆட்சேபம் கேட்கும்போது ஹூட்டகள்ளிக்காரர் தன் சைட்டின் நிறத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் போதாது. தன் மஞ்சளுக்கும் அடுத்த ஊதாவுக்கும் நடுவே எத்தனை மீட்டர் விட்டிருக்கிறார்கள், அந்த நிலம் யார் பொறுப்பில் இருக்கும் என்ற இரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.