வேள்வியின் சேஷம்

சூரனோடும் வேடரோடும் பொருத சினம் தணிந்து முருகப்பெருமான் அமர்ந்த இந்தத் தணிகை மலையிலே நிற்கும்போதெல்லாம், பரண்மீது ஏறிக் கவண் சுழற்றிப் பகல் முழுதும் தினைப்புனம் காத்த வள்ளியம்மையின் உழைப்பே என் நெஞ்சில் முந்தி நிற்கிறது. ஒரு கதிரையும் கிளிக்கு விட்டுக்கொடாத அத்தாயைத் தொழ 365 படி ஏறி வரும் நாம், நேற்றைய சோற்றைக் கூசாமல் சாக்கடையில் கொட்டிவிட்டன்றோ வருகிறோம்! 2022-ஆம் ஆண்டில் உலகம் வீணாக்கிய உணவு ஏறத்தாழ 105 கோடி டன் என்றும், அதில் 60 விழுக்காடு வீடுகளிலிருந்தே போயிற்று என்றும் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டத்தார் மதிப்பிட்டிருக்கிறார்கள்.

கண்ணாடியில் தணிகைநாதனைத் தரிசித்தவராகப் போற்றப்படும் வள்ளலார், 1867-இல் வடலூர்த் தருமசாலையில் மூட்டிய அடுப்பு இன்றளவும் பசித்தவர்க்காக எரிந்துகொண்டிருக்கிறது. நம்மில் சிலரோ, கெடும் தறுவாயிலுள்ள பண்டத்தை இரப்பவர் கையில் நீட்டிவிட்டு அதைத் தர்மம் என்கிறோம். அது தர்மமன்று. வேள்வியின் சேஷத்தை உண்போர் பாபத்தினின்று விடுபடுவர் என்று கீதையில் கண்ணன் அருளியதும், விருந்தினர் உண்டபின் எஞ்சியதை உண்பவனை வள்ளுவர் போற்றியதும், புதியது பிறருக்கு, எஞ்சியது தமக்கு என்ற ஒரே முறைமையைத்தான்.

எஞ்சியதை உண்பதில் இழிவென்ன? இரவில் மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால், விடியுமுன் இதமாகப் புளித்து, மோரும் சின்ன வெங்காயமும் சேர, கோடையின் உஷ்ணத்துக்கு அமிர்தமாகிறது. எல்லைக்கு அப்பாலுள்ள தெலுங்குச் சகோதரர்களும் இதனைச் சத்தன்னம் என்று விரும்பி உண்கிறார்கள். கேழ்வரகுக் களி மறுநாள் மோரில் கரைந்து கூழாகும். இட்லி உதிர்ந்து உப்புமாவாகும். குழம்பும் கூட்டும் ஒன்றாகிச் சுண்டினால், முதல் நாளில் இல்லாத ருசி பழங்குழம்பில் பிறக்கும். சோறு பின்னும் மிஞ்சினால் சீரகமும் உப்பும் கூட்டிப் பிசைந்து, வெயிலில் வடகமாகக் கிள்ளி வைக்கலாம். ஆனால் குழம்பை இரவே நன்றாகக் கொதிக்கவைத்து மூடவேண்டும். துர்வாசனை கண்டதைச் சிக்கனத்தின் பேரால் ஒருவரும் தொடலாகாது.

ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுக்கும் வீடுகளில் சமையல் பெருகும். அன்று உலையில் அரிசி இடுமுன், வருவோர் எத்தனை பேர் என்று கேட்டு இடுங்கள். அப்படியும் மிஞ்சியதை, மறுநாட்காலை குடும்பத் தலைவரே முதலில் கேட்டு வாங்கி உண்ணட்டும். ஏனெனில், எத்தனையோ தலைமுறைகளாக அந்தப் பழைய சோறு பெரும்பாலும் வீட்டுப் பெண்மணியின் தட்டில்தான் விழுந்து வந்திருக்கிறது.