நாலு இலைக்கு ஒரு பூ

"இனி இது பூக்காது, தூக்கிப் போடு!"

தீர்ப்புச் சொல்ல உனக்கு என்ன அவசரம்? போன வருஷம் நர்சரியிலிருந்து வாங்கி வந்தபோது அந்த அமரில்லிஸ் தண்டின் உச்சியில் நாலு சிவப்புப் பூக்கள், ஒவ்வொன்றும் உள்ளங்கையைவிடப் பெரிது. வருகிறவர் போகிறவரெல்லாம் செல்போனில் படம் பிடித்தார்கள். இந்த வருஷம் பட்டை பட்டையாக இலை மட்டும். உடனே கைகழுவிவிட்டாய். பால்கனி மூலையில், துடைப்பத்துக்கும் உடைந்த வாளிக்கும் நடுவே தொட்டியைத் தள்ளிவிட்டாய்.

தொட்டியோடு நிறுத்தியிருந்தால் நானும் பேசாமல் போயிருப்பேன். உன்னையும் அதே மூலையில் அல்லவா தள்ளி வைத்திருக்கிறாய்! ஒரு காலத்தில் வகுப்பில் முதலிடம். ஒரு காலத்தில் மேடை ஏறினால் கைத்தட்டல். இப்போது, "நமக்கெல்லாம் ஒருதடவைதான், அதோட சரி" என்று நீயே சொல்லித் திரிகிறாய். தம்பி, தங்கச்சி, இரண்டு தீர்ப்பும் தப்பு. அந்தக் கிழங்கை வைத்தே நிரூபிக்கிறேன், வா.

புனேயில் கோர்படி என்றால் ரயில்வேயும் ராணுவமும்தான். அவை கூட்டி வந்த தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே இருக்கின்றன. டீசல் ஷெட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அரக்கோணத்துக்காரர் ஒருவர், பி.டி. கவடே சாலைப் பக்கம் குடியிருக்கிறார். மேல்மாடிப் பெண் ஒருநாள் அவரிடம் வந்து புலம்பினாள்.

"மாமா, நீங்க குடுத்த கிழங்கு பூக்கவே மாட்டேங்குது."

"இலை எத்தனை விட்டிருக்கும்மா?"

"அதை யாரு எண்ணுனா?"

"எண்ணிட்டு வா. அப்புறம் பேசலாம்."

மனிதர் எரிச்சலில் சொல்லவில்லை. செடியின் கணக்கே அதுதான். கிழங்கைக் குறுக்கே வெட்டினால் வெங்காயத்தில் இருப்பதுபோல அடுக்கடுக்காகத் தெரியும். ஒவ்வொரு அடுக்கும் ஓர் இலையின் அடிப்பகுதி. வளர்நுனி சுமார் நான்கு இலைகளை உண்டாக்குகிறது. அடுத்து ஒரு பூந்தண்டுக்கான மொட்டு. மறுபடி நான்கு இலை, மறுபடி ஒரு மொட்டு. அந்த மொட்டு உருவான நாளிலிருந்து வெளியே தலைகாட்ட ஏறக்குறைய ஒரு வருஷம், சிலசமயம் அதற்கு மேலும் ஆகும். ஆக, இந்த மார்ச்சில் நீ பார்க்கும் பூ போன வருஷத்து வெயிலில் தயாரானது. கடையில் நீ வாங்கிய பூ உன் சாதனையே இல்லை. யாரோ ஒரு விவசாயி ஊட்டி வளர்த்த இலைகளின் பலன். இரண்டாவது பூதான் உன் பூ. அதற்கான இலையை நீதான் வளர்க்க வேண்டும்.

இங்கேதான் முக்கால்வாசிப் பேர் தோற்கிறார்கள். பூ வாடியதும் செடியை மறந்துபோகிறார்கள். இலை அசிங்கமாகத் தொங்குகிறது என்று நறுக்கிவிடுகிறார்கள். நறுக்காதே! வாடிய பூவைக் கிள்ளு, விதைக்காய் பிடிக்க விடாதே, தண்டு பச்சையாக இருக்கிறவரை அதையும் விட்டு வை. இலைமேல் மட்டும் கத்தி படக்கூடாது. அந்த இலை வெயிலைப் பிடித்துக் கீழே அனுப்புகிற சர்க்கரையில்தான் கிழங்கு பருக்கிறது. சுற்றளவு 20 செ.மீ.க்குக் குறைந்த கிழங்கு பெரும்பாலும் பூக்காது. நன்றாகப் பருத்தது இரண்டு தண்டு, மூன்று தண்டு என்று அனுப்பும். மெலிந்த கிழங்குக்குள் மொட்டு உருவானாலும் வெளியே வராமல் உள்ளேயே கருகிவிடும்.

நீயும் பரிசு வாங்கிய மறுநாளே இலையை வெட்டியவன்தானே? கல்லூரியில் ஒரு கவிதைக்குப் பரிசு கிடைத்தது. அன்றோடு படிப்பதை விட்டாய். ஒரு நேர்முகத்தேர்வில் ஜெயித்தாய். அன்றோடு கற்றுக்கொள்வதை மூட்டைகட்டினாய். பிறகு "திறமை போயிடுச்சு" என்கிறாய். திறமை எங்கும் போகவில்லை. நீ அதற்குச் சோறு போடவில்லை!

கோர்படியை ஒட்டித்தான் எம்ப்ரஸ் தாவரவியல் பூங்கா இருக்கிறது. குதிரைப் பந்தய மைதானத்துக்குப் பக்கத்தில், பெருமரங்களும் வடம்போல் தொங்கும் கொடிகளுமாக ஏறத்தாழ 39 ஏக்கர். மேற்கு இந்திய வேளாண் தோட்டக்கலைச் சங்கம் அதை நடத்துகிறது. ஒவ்வொரு ஜனவரியிலும், குடியரசு தினத்தை ஒட்டி, அங்கே மலர்க் கண்காட்சி. டிக்கெட் வாங்கி உள்ளே போகும் கூட்டம் பூவை மட்டும்தான் பார்க்கும். ஜூலை மாத மழையில் சேற்றில் நின்று தொட்டியைத் திருப்பித் திருப்பி வைக்கும் தோட்டக்காரரை யார் பார்க்கிறார்கள்? கண்காட்சியின் பாதி அவர் முதுகில் இருக்கிறது.

புனேக்காரர் ஒருவரின் கதையைக் கேள். ஜோதிராவ் ஃபூலே, 1827-ல் பிறந்தவர், பூவும் காய்கறியும் பயிரிட்டு விற்ற குடும்பம். சின்ன வயதிலேயே பள்ளியை விட்டு நிறுத்தி வயலுக்கு அனுப்பிவிட்டார்கள். அத்தோடு முடிந்தது என்றுதான் ஊர் நினைத்திருக்கும். 1841-ல் ஸ்காட்டிஷ் மிஷன் பள்ளியில் மறுபடி சேர்ந்தார். 1847-ல் முடித்தார். மறுவருஷமே, 1848-ல், மனைவி சாவித்ரிபாயோடு சேர்ந்து புனேயில் பிடேவாடா என்ற வீட்டில் பெண்களுக்குப் பள்ளி திறந்தார். கல்யாணத்துக்குப் பிறகு எழுத்துக் கற்றுக்கொண்ட சாவித்ரிபாய் அங்கே ஆசிரியை! நாடு 1848-ஐக் கொண்டாடுகிறது. கொண்டாடட்டும். எனக்கு அந்த ஆறு வருஷம்தான் பெரிதாகத் தெரிகிறது. வயலில் நின்ற பையன் திரும்பிப் போய் வகுப்பில் உட்கார்ந்த வருஷங்கள். யாரும் மாலை போடாத வருஷங்கள்.

நீ எந்த வருஷத்தில் இருக்கிறாய்? 1848-ஆ, 1843-ஆ? 1843 என்றால் வெட்கப்பட என்ன இருக்கிறது?

இன்னொருவர், ஆர்தர் ஜான்சன். இங்கிலாந்தின் லங்காஷயரில் பிரெஸ்காட் என்ற ஊரில் கடிகாரம் செய்தவர். தோட்டக்கலைப் பட்டமோ பிரபுவின் பண்ணையோ அவருக்குக் கிடையாது. நுண்ணிய சக்கரங்களைப் பொருத்திப் பழகிய அதே விரல்களால், தென் அமெரிக்காவிலிருந்து வந்த இரண்டு இனங்களில் ஒன்றின் மகரந்தத்தை மற்றதன் சூல்முடியில் சேர்த்து 1799-ல் ஒரு கலப்பினத்தை உண்டாக்கினார். ஹிப்பியாஸ்ட்ரம் என்று நூல்கள் சொல்லும் உன் தொட்டி அமரில்லிஸின் குலத்தில் முதல் கலப்புப்பிள்ளை அதுதான். பின்னாளில் அவருடைய கண்ணாடிக்கூடம் பாழாயிற்று. அதற்குள் லிவர்பூல் தாவரவியல் தோட்டத்துக்குக் கொஞ்சம் கொடுத்து வைத்திருந்தார், இனம் தப்பித்தது. கையில் இருந்ததை ஒளித்து வைத்திருந்தால் இன்று அவர் பேர் எங்கே?

சரி, வேலைக்கு வருவோம். வாய்ச்சவடால் போதும்.

பூ முடிந்தபின் மார்ச், ஏப்ரலில் தொட்டியை வெளிச்சத்துக்குக் கொண்டு வா. காலை வெயில் நாலு மணி நேரமாவது வேண்டும். புனேயின் மே மாத உச்சிவெயிலுக்கு மட்டும் ஒரு பச்சை வலை. தொட்டி பெரிதாக இருக்கக்கூடாது, கிழங்கைச் சுற்றி இரண்டு விரல் இடம் போதும். கிழங்கில் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்கு மேலே தெரியட்டும். தக்காணத்துக் கரிசல் மண்ணை அப்படியே அள்ளிப் போட்டால் மழையில் தண்ணீர் கட்டி அழுகும். செம்மண், மணல், மக்கிய தொழு எரு, ஒரு கைப்பிடி எலும்புத்தூள். இலை வளரும் மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை உரம், பொட்டாஷ் கூடுதலாக. யூரியாவைக் கொட்டினால் இலை கொழுக்கும், பூ வராது.

மழைக்காலத்தில் ஒரு புழு வரும். கறுப்பு உடம்பு, வெள்ளையும் சிவப்புமாகப் புள்ளி. பார்க்க அழகுதான். விட்டால் இரண்டு மூன்று நாளில் இலையை அடிவரை மொட்டையடித்துவிடும். விடிகாலையில் போய்க் கையால் பொறுக்கிப் போடு, வேறு வைத்தியம் தேடாதே. உன் நாளைத் தின்கிற புழுவும் பார்க்க அழகாகத்தான் இருக்கும்; அதைச் செல்போனில் ராத்திரி இரண்டு மணிவரை கட்டைவிரலால் தள்ளிக்கொண்டிருக்கிறாய். பொறுக்கிப் போடு!

அக்டோபரில் மழை ஓய்ந்ததும் தண்ணீரைக் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்து. இலை தானாக மஞ்சளாகட்டும். டிசம்பர், ஜனவரி இரவுகளில் புனேயில் 10 டிகிரி அளவுக்குக் குளிர் இறங்கும். மற்ற ஊர்க்காரர்கள் ஃபிரிட்ஜில் வைத்துத் தேடும் குளிர் உனக்கு இலவசம். எட்டுப் பத்து வாரம் கழித்து மேல்மண்ணை மாற்றிக் கொஞ்சமாகத் தண்ணீர் காட்டு.

"உறங்க வைத்தால் பூக்கும்" என்று பலர் சொல்வார்கள். பாதி உண்மை. உறக்கம் மொட்டை உண்டாக்காது. ஏற்கெனவே உள்ளே இருக்கிற மொட்டுகளை ஒரே சமயத்தில் கிளப்பிவிடும், அவ்வளவுதான். உள்ளே ஒன்றும் இல்லாத கிழங்கைக் குளிரில் வைத்து எடுத்து, ஆசை ஆசையாகத் தண்ணீர் ஊற்றினால் அழுகல்தான் மிச்சம். என்னைப் போன்றவர்களின் பேச்சுக்கும் இதே கதிதான், ஒளிக்காமல் சொல்கிறேன். வருஷம் முழுக்க ஒரு பக்கம் புரட்டாமல், தேர்வுக்கு முந்தின வாரம் தன்னம்பிக்கைக் கூட்டத்துக்கு வந்து கைதட்டுகிறவனுக்கு என் சத்தம் வெறும் தண்ணீர். இலை வளர்த்தவனுக்குத்தான் அது உதைபோட்டு எழுப்பும்.

ஒரு எச்சரிக்கை, நடுவில் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கிழங்கு நஞ்சு. குழந்தையும் நாயும் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்.

புனேயில் செடியை அதன் போக்கில் விட்டால் பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரலுக்குள் பூக்கும். கண்காட்சியோ ஜனவரியில். "அப்போ நம்மால முடியாதே" என்று முனகாதே! செப்டம்பர் நடுவிலேயே தொட்டியை மழை படாத இடத்துக்கு நகர்த்தித் தண்ணீரை நிறுத்து. நவம்பர் கடைசியில் மறுபடி தொடங்கு. தண்ணீர் பட்டதிலிருந்து பூ விரிய ஆறிலிருந்து எட்டு வாரம். விரல்விட்டு எண்ணிப் பார், ஜனவரி மூன்றாம் வாரத்தில் வந்து நிற்கிறது. கொஞ்சம் பிசகலாம், பிசகினால் பிப்ரவரியில் உன் வீட்டு வாசலில் கண்காட்சி நடத்து, யார் கேட்கப் போகிறார்கள்!

இப்போது எழுந்து பால்கனிக்குப் போ. அந்த உடைந்த வாளியை எறி. தொட்டியை வெயிலுக்கு இழு. இலையை எண்ணு.