கணவாயின் நரம்பும் நமது அனுமோதனமும்

திருப்பாதிரிப்புலியூரில் வாழும் நம் சமூகத்துக் குடும்பம் ஒன்றிற்கு அண்மையில் சென்றிருந்தோம். அக்குடும்பத்துப் பெண் சிதம்பரத்தில் மருத்துவம் முதலாண்டு பயில்கிறாள். அவளுடைய ஆயாவுக்கு நீரிழிவினால் பாதங்கள் மரத்துவிட்டன. செருப்பு கழன்று விழுவதும் தெரிவதில்லை. நரம்புகள் பழுதுபட்டதே காரணம் என்று பேத்தி தாளில் படம் வரைந்து விளக்கிக்கொண்டிருந்தாள். பொழுது சாயும் முன்பே உணவை முடித்துவிட்ட அம்மூதாட்டியார், யாவற்றையும் பொறுமையாகக் கேட்டபின் ஒன்றே ஒன்று வினவினார்: "இதையெல்லாம் எதை அறுத்துப் பார்த்துக் கண்டுபிடிச்சாங்க?"

பேத்தி சற்றே தயங்கினாள். "தவளை. அப்புறம் கணவாய், ஆயா" என்றாள்.

சர்வநந்தி சகம் 380இல், அதாவது பொது ஆண்டு 458இல், லோகவிபாகத்தை எழுதி முடித்த பாடலிபுத்திரம் இவ்வூரே என்பர். பள்ளிகளும் பாழிகளும் மறைந்தபின்னும் இத்தகைய வினாக்கள் இங்கு மறையவில்லை என்று எண்ணி மகிழ்ந்தோம். ஆயினும் வினா எளிதன்று.

மனித மூளையின் எடை ஏறத்தாழ 1,300 முதல் 1,400 கிராம். அதனுள் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. மூளையிலிருந்து 12 இணை நரம்புகளும் தண்டுவடத்திலிருந்து 31 இணை நரம்புகளும் புறப்பட்டு உடலெங்கும் பரவுகின்றன. காற்பெருவிரலின் தொடுவுணர்வைச் சுமப்பது முதுகெலும்பின் அருகே உள்ள ஓர் அணுவின் இழை. அதன் நீளம் ஏறக்குறைய ஒரு மீட்டர். நீண்ட இழைகளே நீரிழிவினால் முதலில் கேடுறுகின்றன. ஆகவேதான் மரப்பு கைகளுக்கு முன் பாதங்களில் தோன்றுகிறது. கல்லில் கால் இடித்துக்கொண்டால் முதலில் சுருக்கென்றும், சற்றுப் பொறுத்து எரிச்சலாகவும் வலிப்பதை யாவரும் அறிவோம். முதல் வலியை விரைந்தோடும் இழைகள் சுமக்கின்றன; பின்னதைச் சுமப்பவை நொடிக்கு ஒரு மீட்டர் அளவில் ஊர்ந்து வரும் மெல்லிழைகள்.

இவையெல்லாம் எவ்வாறு அறியப்பட்டன? நரம்பு இதயத்திற்கு வேதிப்பொருளால் செய்தி அனுப்புகிறது என்பதை 1921இல் ஆட்டோ லோவி தவளைகளின் இதயங்களைக் கொண்டு காட்டினார். மனித நரம்பிழை ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்களவே பருமனுள்ளது. அதனுள் மின்கம்பியை நுழைப்பது அரிது. கணவாயின் பேரிழையோ ஒரு மில்லிமீட்டர் வரை தடித்திருக்கும். ஜே. இசட். யங் என்னும் விலங்கியலார் 1936இல் இதை எடுத்துரைத்தார். ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்னும் ஆங்கிலேயர் இருவர் 1939இல் அவ்விழையினுள் கம்பியைச் செலுத்தி மின்னழுத்தத்தை அளந்தனர். சோடியம் உள்ளே பாய்வதும் பொட்டாசியம் வெளியேறுவதுமே நரம்பின் செய்தி என்று 1952இல் கணக்கிட்டு நிறுவினர். 1963இல் நோபல் பரிசும் பெற்றனர். பல் பிடுங்குமுன் போடும் மரப்பு ஊசி சோடியத்தின் வாயிலை அடைத்தே வலியைத் தடுக்கிறது. ஆக, நம்முள் அந்த அறிவின் பயனைத் துய்க்காதவர் அரியர்.

கணவாய் எவ்வகை ஜீவன்? புழு, எறும்பு, வண்டு, மனிதர் என ஒவ்வோர் இந்திரியமாக ஏறுவரிசையில் கூறுகிறது தத்துவார்த்த சூத்திரம். தொல்காப்பியரும் நத்தையை ஈரறிவுயிராக வைத்தார். விலங்கியலார் கணவாயை நத்தையின் உறவென்பர். ஆயினும் அதற்கு நமது கண்ணையொத்த வில்லை பொருந்திய கண் உண்டு. நம் நூல்கள் உயிர்களை இந்திரியத்தால் வகுத்தனவே அன்றி உறவுமுறையால் அல்ல. ஆதலால் அதை நத்தையோடு சேர்த்து ஒதுக்கிவிட இயலாது. கணவாய் இனத்தை உணர்வுடைய உயிர்களுள் ஒன்றாகப் பிரிட்டானியச் சட்டமே 2022இல் ஏற்றுக்கொண்டது.

நரம்பில்லையேல் வலியில்லை, வலியில்லையேல் பாவமுமில்லை என்று நம் இளைஞர் சிலர் வாதிடுகின்றனர். இது நம் நெறியன்று. ஐம்பொறி, மனம், வாக்கு, காயம் என்னும் மூவலிமை, உயிர்ப்பு, ஆயுள் ஆகிய பத்துப் பிராணன்களுள் ஓருயிர்க்கு வாய்த்தவற்றைக் கவனமின்மையால் பிரிப்பதே இம்சை. நரம்பே இல்லாத பசுங்கீரையை அட்டமியிலும் சதுர்த்தசியிலும் நம் வீடுகளில் விலக்குவது எதனால்? நரம்பியல் நமக்குப் பிழையின் ஏற்றத்தாழ்வை அறியத் துணைசெய்யும். பிழையே இல்லையென்று சான்றிதழ் வழங்காது.

இனி அனுமோதனம். தான் செய்தல், பிறரால் செய்வித்தல், செய்ததற்கு உடன்படுதல் என்னும் மூன்றும் வினையைச் சேர்ப்பன. ஊன் உண்பாரின்றேல் விற்பாரும் இல்லை என்பது வள்ளுவர் கருத்து. பிறர் கொன்றதைத் தின்பதில் குற்றமில்லை என்ற பௌத்தரை நீலகேசியும் மடக்குகிறாள். அவ்வாறாயின் பிறர் கொன்று கண்ட அறிவைக் கொள்வதும் ஊன் வாங்குவதும் ஒன்றாகுமா? ஆகா என்றே கருதுகிறோம். இன்று வாங்கும் ஊன் நாளை மற்றொரு கொலையை வேண்டும். 1952இல் கண்ட உண்மையை இன்று ஒருத்தி படிப்பதனால் மற்றொரு கணவாய் சாக வேண்டுவதில்லை.

ஆனால் அறிந்ததையே மீண்டும் காட்டுவதற்காக வகுப்புதோறும் தவளையை அறுத்தார்களே, அது வேறு. நம் பிள்ளைகள் பலர் அதற்கு அஞ்சி விலங்கியலையே விட்டு வேறு பிரிவில் சேர்ந்தனர். அது நம்மைத் தூய்மையாக வைத்துக்கொண்டதே தவிர, ஒரு தவளையையும் காக்கவில்லை. மாநிலங்களவையில் மிருகவதைத் தடுப்புக்காகப் போராடி 1960ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு வழிகோலியவர் ருக்மிணி தேவி அருண்டேல், நம்மவர் அல்லர். விலங்கியல் வகுப்புகளில் அறுவையை நிறுத்தும் பல்கலைக்கழக மானியக் குழுவின் ஆணை 2014இல் வந்தது. புதிய மருந்துகளை விலங்குகளின்றிச் சோதிக்கும் முறைகளுக்கும் 2023இல் நடுவணரசு விதிகளில் இடமளித்தது. மாற்றுவழி உள்ள இடத்தில் வாளாவிருப்பதை உடன்பாடன்று எனச் சொல்ல நமக்கு நா எழவில்லை.

இவ்வளவையும் நாம் விரித்துரைக்க, மூதாட்டியார் மாத்திரையை விழுங்கிவிட்டு, "நாளைக்கு ஒரு வேளை உபவாசம் இருந்துடறேன்" என்றார். பின்பு பேத்தியை நோக்கி, "நீங்க மனுச உடம்பை அறுத்துப் படிக்கிறீங்களே, அது ஏது?" என்றார். உயிர்நீத்தபின் உடலைக் கொடையாக அளிப்பாரும் உளர் என்று அவள் கூறினாள்.

அப்போது உடனிருந்த பெரியவர் ஒருவர் மறுத்தார். பிணத்தில் அந்தர்முகூர்த்தத்திற்குள் சம்மூர்ச்சன ஜீவர்கள் தோன்றும். விரைந்து எரியூட்டாமல் மாதக்கணக்கில் வைத்திருப்பது இம்சை என்றார். தள்ளத்தக்க மறுப்பன்று. எனினும் பிறிதோர் உயிரை அறுக்காமல் நரம்பைக் கற்பிக்க, ஆன்மா நீங்கிய புத்கலத்தை மனமுவந்து ஈவது, எரித்துவிட்டுப் பிறர் கொன்றதைக் கற்பதினும் குறைந்த இம்சை என்பது நம் துணிபு. பெரியவர் ஏற்கவில்லை.

மறுவாரமே பேத்தி கல்லூரியிலிருந்து கொடைப்படிவத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். மூதாட்டியார் ஒப்பமிட்டார், இளைய மகனும் இட்டார். மூத்த மகன் இன்னும் இடவில்லை.