வாழை நிழலில் பாக்குக் கன்று

கடவுளை நம்பாதவனுக்கு வாழ்வில் பொருள் உண்டா என்ற கேள்வி என் முப்பதாவது வயதில் என்னைப் பிடித்தது. தகப்பனார் இறந்த வருஷம் அது. பல மாதம் தூக்கம் இல்லை. அப்போது எனக்கு நானே சொல்லிப் பார்த்த பதில்களையும் பெரியவர்களிடம் கேட்டுத் தெளிந்தவற்றையும் நம் பழைய வழக்கப்படி குருவும் சீடனும் பேசுவதாக வைத்து எழுதுகிறேன். இடம், வாழப்பாடியிலிருந்து பேளூர் போகும் வழியில் ஒரு தோப்பு. பாக்கு நட்டு இரண்டு வருஷம் ஆகிறது. ஊடே வாழை.

சீடன்: ஐயா, போன வெள்ளிக்கிழமை அம்மாவை முத்துமலைக்குக் கூட்டிப் போனேன். 146 அடி முருகன். அம்மா அண்ணாந்து பார்த்தார், கை தானாகக் குவிந்தது, கண்ணில் தண்ணீர். பக்கத்தில் நின்ற எனக்குச் சிமெண்டும் சாயமும்தான் தெரிந்தன. திரும்பும்போது பஸ்ஸில் அம்மா நிம்மதியாகத் தூங்கினார். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அப்பா போனதோடு என் நம்பிக்கையும் போய்விட்டது. அது இல்லாமல் அர்த்தத்தோடு வாழ முடியுமா? நாளைத் தள்ளத்தான் முடியுமா?

குரு: இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, தம்பி. கடவுள் உண்டா என்பது ஒன்று. நம்பினால்தான் வாழ்வுக்குப் பொருளா என்பது இன்னொன்று. முதலாவதை நாம் இந்த வரப்பில் உட்கார்ந்து தீர்க்கப் போவதில்லை. இரண்டாவதைத் தீர்க்கலாம். அதற்கு வாழ்ந்துபோன மனிதர்களே சாட்சி.

சீடன்: அப்படி யார் வாழ்ந்தார்கள்?

குரு: வெகுதூரம் போகவேண்டாம். தலைவாசல் பக்கம் தியாகனூரில் புத்தர் உட்கார்ந்திருக்கிறார், நீயே பார்த்திருப்பாய். நம் நாட்டுச் சமணரும் பௌத்தரும் உலகைப் படைத்த கடவுள் ஒருவரை ஏற்றதில்லை. சாங்கியர் ஏற்கவில்லை. வேதத்தையே பிடித்துக்கொண்டு நின்ற மீமாம்சகர்களுக்கும் படைப்புக் கடவுள் தேவைப்படவில்லை. சேலம் பெரியேரியில் தலைவெட்டி முனியப்பன் கோயில் என்று ஒன்று. தலைமுறை தலைமுறையாக ஜனங்கள் அங்கே வேண்டுதல் வைத்தார்கள். தொல்லியல் துறை போய்ப் பார்த்து, அது புத்தர் சிலை என்று சொன்னது. 2022 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. யோசித்துப் பார். படைத்தவன் ஒருவன் உண்டு என்று போதிக்காத ஒருவர் முன்னால் ஒரு துறவி என்றோ அமைதியாக உட்கார்ந்தான். அதே கல்லின் முன்னால் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒரு தாய் அழுதாள். இரண்டு பேரும் தேறி எழுந்துதான் போனார்கள்.

சீடன்: கல் எதுவானாலும் சரி என்றால், ஒரு பொம்மையே போதுமே?

குரு: பொம்மையின் முன்னால் யாரும் தலைமுறைக் கணக்காக அழுததில்லை. மேலே கேள்.

சீடன்: கடவுள் பயம் போனால் ஒழுக்கம் போகாதா?

குரு: பயத்தால் திருடாதவனை நல்லவன் என்று நீயே சொல்லமாட்டாய். அதை விடு. உன்னைத் தூங்கவிடாத கேள்வி எதுவோ அதைக் கேள்.

சீடன்: சரிங்க ஐயா. ருசிய எழுத்தாளர் டால்ஸ்டாய்க்கு ஐம்பது வயது. 'போரும் அமைதியும்' எழுதியாயிற்று, 'அன்னா கரீனினா' எழுதியாயிற்று. நிலம், குடும்பம், உலகப் புகழ், எல்லாம் இருந்தது. அந்த வேளையில் ஒரு கேள்வி வந்து அவர் கழுத்தைப் பிடித்தது: சாவு அழிக்காத ஏதாவது ஒன்று என் வாழ்வில் உண்டா? தூக்குப் போட்டுக்கொள்வோமோ என்ற பயத்தில் வீட்டிலிருந்த கயிற்றை ஒளித்துவைத்தார். துப்பாக்கி எடுத்துக்கொண்டு வேட்டைக்குப் போவதை நிறுத்தினார். கடைசியில் அவர் பிழைத்தது உழவர்களைப் பார்த்துத்தான். எழுத்தறியாத அந்த ஜனங்கள் கஷ்டத்தையும் சாவையும் அலறாமல் ஏற்றதற்கு அவர்களுடைய நம்பிக்கைதான் காரணம் என்று கண்டார். அத்தனை பெரிய அறிவுக்கே நம்பிக்கை இல்லாமல் நிற்க முடியவில்லை. என் அப்பா அறுபத்தைந்து வயதில் இந்தக் கன்றுகளை நட்டார். ஒரு பாளை வெடிப்பதைக்கூடப் பார்க்கவில்லை. நானும் போவேன், மரமும் போகும், இதையெல்லாம் நினைவில் வைத்திருக்க ஆளே இல்லாத ஒரு நாள் வரும். கணக்கை எழுதி வைத்துக்கொள்ள மேலே ஒருவர் இல்லையென்றால், அப்பா குழி வெட்டியதற்கு என்ன பொருள்?

குரு: இந்தக் கேள்வியை நான் தட்டிக்கழிக்க மாட்டேன். அதற்குள் இரண்டு முடிச்சு. நிலைக்காதது பொருளற்றது என்பது ஒன்று. எழுதி வைக்கப்படாத கணக்கு கணக்கே இல்லை என்பது மற்றொன்று.

முதல் முடிச்சைப் பார். உன் அம்மா விடியற்காலையில் சோறு பொங்குகிறார். ராத்திரிக்குள் பானை காலி. நிற்கவில்லை என்பதற்காக அந்தச் சோற்றுக்குப் பொருள் இல்லை என்று யாராவது சொல்வார்களா? பசித்த வேளையில் பசித்தவன் வயிற்றில் விழுந்ததோடு அதன் பொருள் நிறைந்துவிட்டது. ஒரு நாள் அர்த்தமற்றதாக இருந்தால் அதையே கோடி வருஷம் நீட்டினாலும் அர்த்தம் வந்துவிடாது, அலுப்புத்தான் கோடி மடங்காகும். பொருள் உள்ள நாளோ சாயங்காலத்தோடு முடிந்தாலும் பொருள் உள்ளதுதான். நீளத்தை வைத்துப் பொருளை அளக்கப் போனதுதான் டால்ஸ்டாய் பட்ட துன்பம் என்று நினைக்கிறேன். அவர் கண்ட உழவர்களையும் நான் வேறு மாதிரி பார்க்கிறேன். அவர்களிடம் நம்பிக்கை இருந்தது, மறுக்கவில்லை. அதோடு மாடு இருந்தது, விதைக்கவேண்டிய நிலம் இருந்தது, காலையில் எழுந்தால் அவர்களை எதிர்பார்த்துப் பத்து உயிர்கள் இருந்தன. மாளிகை அறைக்குள் தனியே உட்கார்ந்து யோசித்தவரைப் பத்து உயிர்கள் அப்படி எதிர்பார்க்கவில்லை.

இந்தத் தோப்பையே எடுத்துக்கொள். பாக்குக் கன்றைத் திறந்த வெயிலில் வைத்தால் கருகிவிடும். தென்மேற்கு வெயில் வளர்ந்த மரத்தின் தண்டையே வெடிக்க வைக்கும். அதனால்தான் உன் அப்பா வாழையை ஊடே வைத்தார். நம்பிக்கையை நான் அந்த வாழையாகப் பார்க்கிறேன். இளம் மனதுக்கு, அடிபட்ட மனதுக்கு நிழல் வேண்டும். கன்று வேர் பிடித்து உயர்ந்த பிறகு வாழை போனாலும் தோப்பு நிற்கும். வாழையே இல்லாமல் பழைய தென்னை நிழலில் நட்ட தோப்பும் உண்டு. ஆக, நிழல் அவசியம், அது வாழை நிழலாகத்தான் இருக்கவேண்டும் என்று இல்லை.

இனி இரண்டாவது முடிச்சு. நம் சேலத்தில் 1944 ஆகஸ்ட் 27ஆம் தேதி நீதிக்கட்சி மாநாடு கூடித் திராவிடர் கழகம் என்று பெயர் மாற்றிக்கொண்டது. அதை நடத்திய பெரியார் ஈரோட்டில் தேவஸ்தானக் கமிட்டித் தலைவராக இருந்து கோயில் நிர்வாகத்தைச் சரிவரப் பார்த்தவர். பிறகு கடவுள் இல்லை என்று ஊர் ஊராகச் சொன்னவர். அவர் சொன்னதை நீ ஏற்கவேண்டாம். சேலம் ஜனங்களில் பலர் அவர் பேச்சால் மனம் புண்பட்டதும் உண்மை. நான் காட்டுவது அவர் கடைசி வருஷங்களை. தொண்ணூறைத் தாண்டிய வயது. சிறுநீர் இறங்கக் குழாய் பொருத்தியிருந்தது. வலியோடு வேனில் ஏறி ஊர் ஊராகப் போனார். 1973 டிசம்பர் 19ஆம் தேதி சென்னை தியாகராய நகரில் கடைசிக் கூட்டம், 24ஆம் தேதி வேலூரில் மரணம், வயது 94. சொர்க்கம் உண்டு என்று அவர் நம்பவில்லை. மேலே ஒருவர் கணக்கு எழுதுகிறார் என்றும் நம்பவில்லை. அப்படியானால் அந்தக் குழாயோடு அவரை வேனில் ஏற்றியது எது? கோயிலுக்குள் விடாமல் நிறுத்தப்பட்டவனுக்கும், படிக்கவிடாமல் அடுப்படியில் வைக்கப்பட்ட பெண்ணுக்கும் தான் பதில் சொல்லவேண்டும் என்று அவர் எண்ணினார். அவருடைய கணக்குப் புத்தகம் அந்த மனிதர்களின் முகத்தில் இருந்தது.

குன்றக்குடி அடிகளார் ஒரு சைவ மடத்தின் தலைவராக இருந்தவர். மூச்சுக்கு மூச்சு சிவன் பெயர் சொன்னவர். அவரும் பெரியாரும் முதலில் எதிரும் புதிருமாக இருந்து, பிறகு நட்பானார்கள். ஒருவர் இறைவனுக்குப் பதில் சொல்ல நடந்த பாதையும் மற்றவர் மனிதனுக்குப் பதில் சொல்ல நடந்த பாதையும் சேரியில் வந்து சந்தித்தன. எனக்கு இத்தனை வருஷத்தில் தெளிந்தது இதுதான்: யாருக்காவது பதில் சொல்லக் கடமைப்பட்டவன் என்று உணர்கிறவனுக்கு வாழ்வில் பொருள் இருக்கிறது. கோயிலுக்குப் போய்விட்டு வந்து கூலியைக் குறைத்துக் கொடுக்கிறவனுக்கு அது இல்லை. ஒன்றையும் நம்பாமல், ஒருவருக்கும் கட்டுப்படாமல் திரிகிறவனுக்கும் இல்லை. பாக்கு உரிக்கும் கொட்டகையில் ஒரு அம்மாவைப் பார்த்திருக்கிறேன். சாறு ஏறி விரல் நுனியெல்லாம் கறுத்திருக்கும். பேரனுக்குக் கல்லூரிப் பணம் கட்டவேண்டும் என்பதற்காக ஒரு படி கூடுதலாக உரிப்பார். அவரிடம் போய் உங்கள் வாழ்வின் பொருள் என்ன என்று கேட்க எனக்கு வாய் வராது. கறுத்த விரலே சொல்லிக்கொண்டிருக்கிறது.

சீடன்: ஐயா, அந்த அம்மா உரிக்கும்போது மாரியாத்தா பெயரைச் சொல்லிக்கொண்டேதானே உரிக்கிறார்?

குரு: ஆமாம், சொல்கிறார்.

சீடன்: வாழையை வெறும் நிழல் என்றீர்கள். இந்தத் தோப்பில் முதல் வருமானமே வாழையில்தான் வந்தது. அப்பா ஆஸ்பத்திரிச் செலவுக்குத் தாரை வெட்டித்தான் விற்றோம். கன்று பெரிதானதும் கழித்துவிடும் சாமான் போல அதைச் சொன்னால் மனசு ஒப்பவில்லை.

குரு: நீ சொல்வது சரி. வாழையும் ஒரு வெள்ளாமை. உன் அம்மாவின் நம்பிக்கையை நான் கன்றுக்கு வைத்த நிழலாக மட்டும் பார்த்தது தப்பு. அவருக்கு அதுவே விளைச்சல். முத்துமலையில் அவர் கண்ணில் வந்த தண்ணீரை நான் எந்தக் கணக்கிலும் கழிக்க முடியாது. உன்னிடம் வாழை இல்லை என்பதால் உன் தோப்பு தரிசு ஆகாது என்பதே நான் சொல்ல வந்தது.

சீடன்: இன்னொன்று கேட்டுவிடுகிறேன். ஆடி அமாவாசை வருகிறது. பேளூர் ஆற்றங்கரையில் அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் விடவேண்டும் என்று அம்மா சொல்கிறார். நம்பாதவன் விட்டால் அது பொய் ஆகாதா? நாலு நாளாக அம்மாவுக்குப் பதில் சொல்லாமல் இருக்கிறேன்.

குரு: ஐயர் சொல்லும் மந்திரத்தில் உனக்கு நம்பிக்கை இல்லையென்றால் வாயைத் திறக்காதே. கையில் தண்ணீரை வைத்துக்கொண்டு அப்பாவிடம் பேசு. எத்தனை கன்று பிடித்தது, எத்தனை கருகியது, எந்தக் குழிக்கு மறுநடவு செய்தாய் என்று சொல். அதில் பொய் எதுவும் இல்லையே?

சீடன்: நூற்று எண்பதில் பதினொன்று போய்விட்டது. எல்லாம் மேற்கு வரப்பை ஒட்டியவை, வாழை சாய்ந்த இடம்.

குரு: அதைத்தான் சொல்லவேண்டும்.

சீடன்: மும்முனைக் கரண்டு வந்துவிட்டது போலிருக்கிறது, மோட்டார்ச் சத்தம் கேட்கிறது. மேற்கு வரப்புக்கு மடை திருப்பிவிட்டு வருகிறேன். அம்மாவிடம் சாயங்காலம் சொல்லிவிடுகிறேன், அமாவாசைக்குப் போகலாம் என்று.