ஆற்றல் பிணைப்பில் குடியிருக்கிறதா?

தசை வேகமாக இயங்கும்போது செலவாகும் ஏடிபியை (அடினோசின் ட்ரைபாஸ்பேட்) அந்தக் கணமே ஈடுசெய்யும் பாஸ்பேட் சேர்மங்களுக்குப் பாஸ்பஜென் என்று பெயர். 1927-இல் லண்டனில் பிலிப் எகில்டன், கிரேஸ் எகில்டன் இணையர் தவளைத் தசையில் எளிதில் சிதையும் ஒரு பாஸ்பேட் சேர்மத்தைக் கண்டு இந்தப் பெயரை இட்டனர். அதே ஆண்டில் ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கேயும், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவும் அது கிரியேட்டினோடு பாஸ்பேட் சேர்ந்த பாஸ்போகிரியேட்டின் என்று நிறுவினர். முதுகெலும்பற்ற பல உயிரிகளில் அந்த இடத்தில் பாஸ்போஆர்ஜினின் இருப்பது பின்னர் தெரிந்தது. ஒரு பொருளின் பெயராகத் தொடங்கிய சொல் இவ்வாறு ஓர் இனத்தின் பெயராயிற்று. விளையாட்டுப் பயிற்சி நூல்கள் ஏடிபியையும் சேர்த்தே பாஸ்பஜென் அமைப்பு என்கின்றன. கறாரான உயிர்வேதியியல் வழக்கில் ஏடிபி அந்த இனத்தில் சேராது. பாஸ்பஜென் இருப்பு, ஏடிபி செலாவணி.

1930-இல் டேனிஷ் அறிஞர் ஐனர் லுண்ட்ஸ்கார்ட், அயோடோஅசிட்டேட் நஞ்சூட்டிய தசை லாக்டிக் அமிலம் உண்டாக்காமலே சுருங்குவதையும், அப்போது பாஸ்பஜென் குறைவதையும் காட்டினார். லாக்டிக் அமிலமே சுருக்கத்துக்குக் காரணம் என்ற அக்காலக் கொள்கை அதோடு சரிந்தது. 1941-இல் ஃபிரிட்ஸ் லிப்மன் இத்தகைய சேர்மங்களை ‘உயராற்றல் பாஸ்பேட் பிணைப்பு’ கொண்டவை என்று வகைப்படுத்தி, அப்பிணைப்பை ஒரு நெளிகோட்டால் குறித்தார். அந்தக் கோடு பாடநூல்தோறும் ஏறியது. பிணைப்புக்குள் ஆற்றல் அடைபட்டிருக்கிறது, பிணைப்பு முறிந்தால் அது வெளிவருகிறது என்று தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் புரிந்துகொண்டார்கள்.

வேதியியல் சொல்வது இதற்கு நேரெதிர். எந்தப் பிணைப்பை முறிக்கவும் ஆற்றலைச் செலவிட்டாக வேண்டும். நீராற்பகுப்பின்போது பழைய பிணைப்புகள் முறிந்து புதியவை உருவாகின்றன. விளைபொருள்களின் நிலை தொடக்கப் பொருள்களின் நிலையைவிடத் தாழ்ந்திருப்பதால்தான் ஆற்றல் கிடைக்கிறது. நெருங்கி நிற்கும் எதிர்மின்னூட்டங்கள் விலகுகின்றன. விடுபட்ட பாஸ்பேட்டில் எலக்ட்ரான்கள் கூடுதலாகப் பரவி நிலைபெறுகின்றன. நீர் மூலக்கூறுகள் விளைபொருள்களை இறுகச் சூழ்கின்றன. திட்ட நிலையில் இந்த வேறுபாடு ஏடிபிக்கு ஒரு மோலுக்குச் சுமார் 30 கிலோஜூல், பாஸ்போகிரியேட்டினுக்குச் சுமார் 43. ஏடிபி சிதைந்து உண்டாகும் அடினோசின் டைபாஸ்பேட்டுக்குப் பாஸ்போகிரியேட்டின் தன் பாஸ்பேட்டைக் கொடுத்து மீண்டும் ஏடிபியாக்க முடிவது இந்த இடைவெளியால்தான்.

இங்கே எழும் கேள்வி வேதியியலோடு நிற்பதில்லை. ஆற்றல் என்பது ஒரு பொருளுக்குள் குடியிருக்கும் ஒன்றா, அல்லது பொருள்கள் ஒன்றுக்கொன்று நிற்கும் நிலையா? இந்திய மெய்யியலில் மீமாம்சகரும் நையாயிகரும் இதைத் தீவிரமாக விவாதித்திருக்கிறார்கள். ஒரு குறிப்பிட்ட மணியை அருகில் வைத்தால் தீ சுடாது என்பது அவர்கள் எடுத்துக்கொண்ட உதாரணம். தீ பார்வைக்கு மாறாமல் இருக்கிறது, ஆனால் சுடவில்லை. ஆகவே சக்தி என்ற கண்ணுக்குத் தெரியாத ஒன்று அதில் இருந்து, இப்போது தடைபட்டிருக்கிறது என்றனர் மீமாம்சகர். உதயணர் முதலான நையாயிகர் இதை ஏற்கவில்லை. தடை இல்லாமையும் காரணங்களுள் ஒன்று. காரணங்கள் எல்லாம் கூடினால் சுடும், ஒன்று குறைந்தால் சுடாது. இதற்கிடையில் சக்தி என்றொரு தனிப்பொருள் தேவையில்லை என்பது அவர்கள் பதில்.

பாஸ்பேட்டின் கதை பெரும்பாலும் நையாயிகர் பக்கமே சாய்கிறது. ஏடிபி, அது சிதைந்து உண்டாகும் அடினோசின் டைபாஸ்பேட், தனிப் பாஸ்பேட் ஆகிய மூன்றும் சமநிலையை எட்டிவிட்ட ஒரு கரைசலை எடுத்துக்கொள்ளலாம். அதில் மிஞ்சியிருக்கும் ஏடிபி மூலக்கூறு உயிரணுவில் இருப்பதே. பிணைப்பும் அதே பிணைப்பு. ஆனால் அதனால் எந்த வேலையும் செய்ய முடியாது. உயிரணு தன் ஏடிபி விகிதத்தைச் சமநிலையிலிருந்து கோடிக்கணக்கான மடங்கு விலக்கி வைத்திருக்கிறது. வேலை செய்யும் திறன் அந்த விலக்கத்திலிருந்து வருகிறது. நொதி இல்லாத நீரில் ஏடிபி மிக மெதுவாகவே சிதைகிறது என்பதும் காரணங்களின் கூட்டு என்ற வாதத்துக்குத் துணைநிற்கிறது. இதனால் மூலக்கூறின் அமைப்பு பொருட்டல்ல என்று ஆகிவிடாது. மின்னூட்டங்களின் நெருக்கம் மூலக்கூறின் சொந்த இயல்பே. அது காரணங்களுள் ஒன்று. முழுக் காரணம் அன்று.

சொல்லைப் பற்றிய இந்தக் கவலை வெறும் நுணுக்கவாதம் என்று தள்ளிவிட முடியாது. மைட்டோகாண்டிரியாவில் ஏடிபி எப்படி உருவாகிறது என்று தேடியவர்கள், ஆற்றலை ஏந்திவரும் ஓர் இடைநிலைச் சேர்மம் அங்கும் இருந்தாக வேண்டும் என்று நம்பினர். ஆண்டுக்கணக்கில் பல ஆய்வகங்கள் தேடியும் அது அகப்படவில்லை. 1961-இல் பீட்டர் மிட்செல், சவ்வின் இருபுறமும் உள்ள புரோட்டான் வேறுபாடே ஏடிபி ஆக்கத்தை இயக்குகிறது என்ற கருத்தை முன்வைத்தார். நீண்ட எதிர்ப்புக்குப் பின் அது ஏற்கப்பட்டு, 1978-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆற்றல் ஏதேனும் ஒரு பொருளில்தான் இருக்கவேண்டும் என்ற எண்ணமே அந்தத் தேடலை நீட்டித்தது.

லிப்மனின் நெளிகோடு பயனுள்ள குறியீடு என்பதில் ஐயமில்லை. எந்தப் பாஸ்பேட் எதற்குக் கைமாறும் என்பதை ஒரே பார்வையில் அது காட்டுகிறது. பாடநூல்கள் அதைக் கைவிட வேண்டியதில்லை. அந்தக் கோடு குறிப்பது பிணைப்பின் ஆற்றலை அன்று, சிதைவுக்கு முன்னும் பின்னும் உள்ள நிலைகளின் வேறுபாட்டை என்பதை அதை அறிமுகப்படுத்தும் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும்.