சித்தி விட்டுவிட்ட பிச்சிச் சரம்

உங்களுக்கு ரொம்பவும் பிடித்த காரியம் எது?

வீட்டுக்காகச் செய்வது அல்ல. பிள்ளைகளுக்காகச் செய்வதும் அல்ல. உங்களுக்கே உங்களுக்காக, ஆசையோடு செய்கிற ஒன்று... இப்படிக் கேட்டால் நம்மில் பலருக்கும் சட்டென்று பதில் வராது. 'அதற்கெல்லாம் நேரம் ஏது?' என்ற பெருமூச்சுதான் வரும்!

கன்னியாகுமரி மாவட்டம் புதுக்கடையில் எனக்கு ஒரு சித்தி உண்டு. பூக்கட்டுவது என்றால் அவருக்குக் கொள்ளை ஆசை. தினமும் மாலையில் பிச்சிப்பூவைத் தாம்பாளத்தில் கொட்டிக்கொண்டு, வாழை நாரை நனைத்து வைத்து உட்கார்ந்துவிடுவார். சுவாமி படத்துக்கு ஒரு சரம். அக்கம்பக்கத்துப் பெண் குழந்தைகளின் தலைக்கு ஆளுக்கொரு துண்டு. விரல்கள் பூத்தொடுக்க, உதடுகள் ஏதாவது ஒரு பாட்டை முணுமுணுக்கும்.

பிறகு மாமியார் படுத்த படுக்கையானார். அடுத்து, சித்தப்பாவுக்கும் உடம்பு முடியாமல் போனது. வேலை கூடக் கூட, சித்தி முதலில் கைவிட்டது பூக்கட்டுவதைத்தான். காரணம், சமையலை நிறுத்தினால் கேட்க ஆளுண்டு. பூக்கட்டுவதை நிறுத்தினால் 'ஏன்?' என்று கேட்க யாருமில்லை!

இரண்டு வருடங்கள் கழித்து அவரைப் பார்த்தபோது திடுக்கிட்டேன். ராத்தூக்கம் இல்லை. சின்னச் சத்தத்துக்கும் எரிச்சல். 'மறுபடியும் பூக்கட்டலாமே சித்தி...' என்றேன்.

'வீட்டுல ஒரு ஆளு சொகமில்லாம கெடக்கும்போ, நான் பூ கெட்டிக்கிட்டு இருந்தா ஆளுவ என்ன சொல்லுவாவ மக்களே? அது பாவமில்லியா?'

பாவமா? நாம் எல்லோருமே மனதுக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்விதான் இது. இதற்கு விடை, சித்தியின் வீட்டுக்கு அருகிலேயே இருந்தது.

புதுக்கடைக்கு அடுத்து இருக்கிறது முஞ்சிறை. அங்குள்ள திருமலை மகாதேவர் ஆலயத்தில்தான், புகழ்பெற்ற சிவாலய ஓட்டம் தொடங்குகிறது. மகா சிவராத்திரியை ஒட்டி, கையில் பனையோலை விசிறியுடன், 'கோவிந்தா... கோபாலா...' என முழங்கியபடி பக்தர்கள் புறப்படுவார்கள். திருமலை, திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, திருப்பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு, திருநட்டாலம் என 12 சிவாலயங்கள். 100 கிலோமீட்டருக்கும் அதிகமான தூரம்!

இந்த ஓட்டத்துக்குக் காரணமாகச் சொல்லப்படும் கதை அற்புதமானது. தருமபுத்திரரின் யாகத்துக்காக, புருஷாமிருகத்தைத் தேடி பீமன் அனுப்பப்படுகிறான். அது மகா சிவபக்தி கொண்டது. விஷ்ணு நாமத்தைக் கேட்டாலோ சீறிப் பாயும். கண்ணன், பீமனிடம் 12 ருத்ராட்சங்களைக் கொடுத்தார். 'கோவிந்தா, கோபாலா' என்று சொல்லிக்கொண்டே ஓடினான் பீமன். துரத்தி வந்த மிருகம் நெருங்கும்போதெல்லாம், ஒரு ருத்ராட்சத்தைக் கீழே போட்டான். அது லிங்கமாக மாறியது. சிவபூஜையைத் தவறவிடாத மிருகம், அங்கேயே நின்று பூஜை செய்தது. அதற்குள் பீமன் கொஞ்ச தூரம் ஓடி, மூச்சு வாங்கிக்கொண்டான்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ருத்ராட்சம் போட்டதால் மிருகம் மறைந்துவிடவில்லை. பூஜை முடிந்ததும் மீண்டும் துரத்தியது. ஆனால், அந்த இடைவெளி கிடைத்திராவிட்டால் பீமன் பிடிபட்டிருப்பான், யாகமும் நின்றுபோயிருக்கும்!

நம்மைத் துரத்தும் கவலைகளும் அப்படித்தான். பூக்கட்டினாலோ, கோலம் போட்டாலோ, பாட்டுப் பாடினாலோ, செடிக்குத் தண்ணீர் விட்டாலோ வீட்டில் உள்ள நோய் தீர்ந்துவிடாது, கடன் அடைந்துவிடாது. ஆனால், மனம் அந்தக் காரியத்தில் நிற்கும் நேரத்துக்குக் கவலையும் சற்று நிற்கும். நமக்கு மூச்சு வாங்க இடம் கிடைக்கும். எனவே, அது கடமையில் இருந்து தப்பி ஓடுவது அல்ல. கடமையைத் தொடர்வதற்கான வழி!

சரி, எவ்வளவு நேரம்? கதையின் முடிவில் பீமன் பிடிபடுகிறான். அவனது ஒரு கால் தன் எல்லையிலும், மறு கால் மிருகத்தின் எல்லையிலும் இருந்தன. வழக்கு தருமரிடம் வந்தது. தம்பி என்றும் பாராமல், 'உடலில் பாதி புருஷாமிருகத்துக்கு' என்று தீர்ப்புச் சொன்னார் அவர். அந்த நேர்மையில் மகிழ்ந்த மிருகம், பீமனை விட்டுவிட்டது. துரத்துபவருக்கு உரிய பங்கு பாதிதான், முழுவதும் அல்ல! பிடித்ததே கதி என்று வீட்டை மறப்பதும் தவறு. வீடே கதி என்று தன்னை மறப்பதும் தவறு.

கீதையின் 6-வது அத்தியாயத்தில், துயரத்தைப் போக்கும் யோகத்தைப் பற்றிச் சொல்லும் பகவான், உணவு, உழைப்பு, உறக்கம், விழிப்பு ஆகியவற்றுடன் பொழுதுபோக்கையும் அளவோடு கொள்ளவே சொல்கிறார். விலக்கச் சொல்லவில்லை!

தினமும் கால் மணி நேரம் போதும். குறிப்பிட்ட வேளையில், யாரும் பாராட்ட வேண்டும் என்று எதிர்பார்க்காமல் செய்யுங்கள். 'நேற்றைவிட அதிகம்' என்று கணக்குப் பார்த்தால் அதுவும் ஒரு வேலையாகிவிடும். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். இரண்டு வாரங்களுக்கு மேல் தூக்கமும் பசியும் இன்றி மனம் சோர்ந்தே கிடந்தால், மருத்துவரைப் பார்ப்பதே முறை. 14416 என்ற அரசின் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணிலும் மனநல ஆலோசனை கிடைக்கும்.

சித்தியையும் முதலில் மருத்துவரிடம்தான் அழைத்துப் போனோம். பிறகு, நான் இந்தக் கதையைச் சொன்னேன். சிவராத்திரிதோறும் ஓடி வருபவர்களுக்குப் பானகம் கொடுத்தவருக்குத் தெரியாத கதையா? ஆனாலும் பொறுமையாகக் கேட்டார்.

அடுத்த முறை போனபோது, கட்டிலில் சித்தப்பா சாய்ந்திருக்க, அருகில் தாம்பாளத்துடன் சித்தி. நாரை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர் சித்தப்பா!

'ரெண்டு முழம்தான் மக்களே...' என்று சிரித்தார் சித்தி. 'ஒண்ணு சாமிக்கு. ஒண்ணு எனக்கு!'